‘எழுதித் தர அனுமதி இல்லை’: மலேசிய அரசு மருத்துவமனை அனுபவங்கள் (வாசகர் பதிவுகள்)

செந்தூல் மகள்

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. சுகாதார கிளினிக்கில் பார்த்த இளம் டாக்டர் கையோடு கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். போனால் இயந்திரம் பழுது. அடுத்த தேதியிலும் அதே பதில். இங்குள்ள பலருக்கு இது பழகிய கதை என்பதால் நீட்டவில்லை.

முகப்பில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அங்கிருந்த பெண் அம்மாவின் சந்திப்புப் புத்தகத்தை வாங்கி, சிவப்புப் பேனாவால் தேதியை அடித்தார். அதற்கு மேலே ஏற்கெனவே அடிபட்ட தேதி ஒன்று இருந்தது. புதிய தேதிக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. துண்டுத் தாளில் எழுதி, ஸ்டேப்ளரால் குத்திக் கொடுத்தார். “இயந்திரம் பழுது என்பதால் தள்ளிவைக்கப்பட்டது என்று இதே தாளில் ஒரு வரி எழுதி முத்திரை குத்தித் தாருங்கள்” என்று மலாயில் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்படி எழுதித் தர எங்களுக்கு அனுமதி இல்லை.” யாருக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்டேன். பதில் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்: “வாம்மா, அவர்களுக்குக் கோபம் வந்தால் அடுத்த முறை பார்க்கவே மாட்டார்கள்.”

ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) டாக்டர், ஐந்து வெள்ளிக்கு நிபுணர், கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள் என்று பழகிப்போன தலைமுறை அது. இயந்திரம் எந்த நாட்டிலும் பழுதாகும். அதை எழுதிக் கீழே கையெழுத்துப் போட ஓர் ஆள் கூட இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டர்வொர்த் ஓட்டுநர்

அப்பாவுக்குச் சர்க்கரைப் புண், இடது பாதத்தில். விரல் ஒன்றை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. கட்டு மாற்றும் நாளில், புண் ஆழமாக இருக்கிறது, இந்த வகைக் கட்டுத்துணி எங்களிடம் கையிருப்பு இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்று தாதி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைக்கு ஓடினேன். சீட்டை நீட்டுவதற்குள் கடைக்காரர், “கால் புண்ணா?” என்று கேட்டுக்கொண்டே கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார். கட்டுத்துணி, கழுவும் திரவம், ஒட்டுப்பட்டை, எல்லாம் சேர்த்துக் கட்டி வைத்த பை. அந்தத் தட்டில் அதே மாதிரி இன்னும் ஒரு வரிசை நின்றது.

கையிருப்பு இல்லை என்பது கடைக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. மருந்துப் பட்டியலை அங்கீகரிக்கும் அதிகாரிக்குத் தெரியாதா? மேலே எழுதிய செந்தூல் தங்கை எழுத்தில் கேட்டது சரி. எனக்குக் கொடுத்த சீட்டிலும் மருத்துவமனைப் பெயர் இல்லை, முத்திரை இல்லை, தேதி இல்லை. வெறும் தாள். நாளை யாராவது கேட்டால், நான் விரும்பி வெளியே வாங்கினேன் என்று சொல்லிவிடலாம்.

ஜெலுத்தோங் தாதி (ஓய்வு)

தங்கை, தம்பி இருவருக்கும். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் முகப்பில் இருக்கும் பெண்ணையும் கட்டுப் போடும் தாதியையும் இந்தக் கணக்கில் முதலில் எழுதாதீர்கள். அவர்களுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் தேதி எழுதுவது மட்டும்தான்.

என் கதை சிறியது. இரவு வேலை, மூன்றாம் வகுப்பு வார்டு, கட்டில்கள் நிரம்பி நடைவழியிலும் போட்டிருந்தோம். இரண்டு கட்டில்களில் ஒரே நேரத்தில் மணி அடித்தது. ஒருவருக்கு மூச்சுத் திணறல், அங்கே ஓடினேன். மற்றவர் ஒரு பாட்டி, கழிவறைக்குப் போக உதவி கேட்டு அடித்திருக்கிறார். நான் திரும்பி வருவதற்குள் அவரே எழுந்து நடக்கப் பார்த்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. விசாரணையில் என் பெயர் எழுதப்பட்டது. அந்த வார்டுக்கு இத்தனை தாதியர் போதும் என்று முடிவெடுத்தவர் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை. அந்தப் பாட்டி என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்றும் தாங்க முடியாதது.

பதவியிடங்களை முடிவு செய்வது பொதுச் சேவைத் துறை. பணம் விடுவது நிதி அமைச்சு. சுகாதார அமைச்சே அவர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26ஆம் தேதி அவர்கள் கறுப்புச் சட்டையோடு வெளிநடப்பு செய்தது நினைவிருக்கும். 2024இல் தாதியரின் வார வேலை நேரத்தை 42இலிருந்து 45 மணியாக்குவதாக அறிவித்தார்கள். இருப்பவர்களே ஓய்ந்து போயிருக்கும்போது எடுத்த முடிவு அது. அவசரப் பிரிவுகளில் நெரிசல், ஆள் பற்றாக்குறை என்று 2018ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்காய்வு அறிக்கையே எழுதியது.

இன்னொன்று, தங்கை. இயந்திரப் பழுது மருத்துவமனை ஊழியர் கையில் இல்லை. 1997 முதல் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு எல்லாம் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் விடப்பட்டவை. ஒரு கருவி நின்றால் பணி ஆணை போட வேண்டும், அதில் நேரமும் தேதியும் இருக்கும். பழுது நீண்டால் நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பிடித்தம் செய்ய ஒப்பந்தத்தில் வழியிருக்கிறது. எனவே, தாள் இல்லை என்பது உண்மையல்ல. தாள் உள்ளே இருக்கிறது. நோயாளியிடம் காட்டும் பழக்கம் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நீண்ட காலம் எழுத்தராக இருந்தவன். மனைவிக்கு மார்பகப் பரிசோதனை முடிவு கோப்பில் காணாமல் போனது. காணாமல் போன அந்தத் தாளைத் தேட ஓர் ஊழியர் கோப்பு அறையில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகத் தள்ளியது கண்ணில் நிற்கிறது. கிடைத்துவிட்டது, பாதிப்பு எதுவும் இல்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் யாரும் நடவடிக்கை எடுத்ததாகச் சொல்லவில்லை. எனவே சொல்கிறேன்.

முகப்பில் வாதாட வேண்டாம். ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையிலும் மக்கள் தொடர்புப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், எழுதிக் கொடுங்கள். சுகாதார அமைச்சின் சிஸ்பா எனும் புகார் முறையில் இணையம் வழியாகவும் பதியலாம், பதிந்ததும் வரும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போகும். புகாரில் தேதி, நேரம், பிரிவு, நடந்தது, நீங்கள் கேட்பது என்ன என்பவை மட்டும் இருக்கட்டும். வசைச் சொல் ஒன்று இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் பிரதமர் துறையின் கீழ் 1971இல் தொடங்கப்பட்ட பொதுப் புகார் பிரிவு இருக்கிறது. டாக்டரின் தொழில் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றம். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் இயங்குவது அது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அவர் நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வமாகக் கேள்வி கேட்டால் அமைச்சர் எழுத்துபூர்வமாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிகிச்சையில் தவறு நடந்து வழக்குப் போட நினைப்பவர்கள் காலத்தைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். 36 மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தனியார் மருத்துவமனை மீதான வழக்குக்கு உள்ள நீண்ட அவகாசத்தை நினைத்துக்கொண்டு ஆற அமர வந்து, கையை விரித்துப் பார்த்து அழுதுவிட்டுப் போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவ அறிக்கையை இன்றே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

ஓட்டுநர் தம்பி, மருந்து தொடர்ந்து வாங்குபவர் என்றால் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கிலேயே பெற்றுக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது, மருந்தகத்தில் கேளுங்கள். அஞ்சலிலும் அனுப்புவார்கள். அரசு உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால் குறைந்த வருமானத்தினருக்காக 2019இல் தொடங்கிய பேக்கா பி40 திட்டத்தில் உடல்நலப் பரிசோதனையும் மருத்துவக் கருவி உதவியும் உண்டு. 40 வயது ஆனவர்களுக்கு.

பட்டர்வொர்த் ஓட்டுநர்

ஐயா, நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது. கட்டுத்துணிதான் கிடைக்கவில்லை.

அதோடு நீங்கள் சொல்லும் வழி யாருக்கு? இணையத்தில் பதிய வேண்டும், முறையான மலாயில் எழுத வேண்டும், வேலை நேரத்தில் மக்கள் தொடர்புப் பிரிவில் காத்திருக்க வேண்டும். விடுப்பு எடுத்தால் எனக்கு அன்றைய சம்பளம் இல்லை. நான் அப்பாவைப் பார்ப்பதா, புகார் எண்ணைத் தொடர்வதா? புகார் எழுதத் தெரிந்தவனுக்கு மட்டும் பதில் என்றால், எழுதத் தெரியாதவனின் காலுக்கு யார் பொறுப்பு? பெர்லிஸிலிருந்தும் கெடாவிலிருந்தும் விடியுமுன் வேன் பிடித்துப் பினாங்குத் தீவுக்கு வருகிறவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். மடியில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டடம் என்று என்னிடம் கேட்பார்கள். அவர்கள் கையில் சட்ட எண்ணைக் கொடுத்து என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இப்போது ரக்கான் கேகேஎம் என்று அரசு மருத்துவமனையிலேயே கூடுதல் கட்டணம் கட்டுவோருக்கான சேவை என்கிறார்கள். மற்ற நோயாளிகளுக்குப் பாதிப்பு வராது, நல்ல டாக்டர்களைத் தக்கவைக்கத்தான் இது என்பது அமைச்சின் விளக்கம். வரட்டும், எதிர்க்கவில்லை. ஆனால் கட்டணம் கட்டாதவர்கள் காத்திருக்கும் காலத்தை ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் சுவரில் எழுதி ஒட்டட்டும். அப்போது பாதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

ஜெலுத்தோங் தாதி (ஓய்வு)

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை 15 ஆண்டுச் சீர்திருத்தம் பேசுகிறது. வார்டில் நின்றவள் என்ற முறையில் நான் கேட்பது அதைவிட எளிது. கையிருப்பு தீர்ந்த பொருள்களுக்கு ஒவ்வொரு மருந்தகமும் அன்றாடம் ஒரு பட்டியல் போடட்டும். அதை நோயாளி கண்ணில் படும்படி மாட்டினால் போதும். கட்டுப் போடும் பெண்ணும் வெறும் தாளில் திருட்டுத்தனமாக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

தம்பி, அப்பாவின் பாதத்தை இரவில் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் கறுத்தாலோ நாற்றம் வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கெப்போங் அண்டை வீட்டார்

நீங்கள் எல்லோரும் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி வரிசையில் நின்று பேசுகிறீர்கள். அந்த வரிசையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் பதிவு செய்யாமல் விட்டதால் இத்தனை வயதாகியும் அடையாள அட்டை இல்லை. கர்ப்பப்பையில் இரத்தப்போக்கு, வார்டில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதிவு முகப்பில் அக்கா, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த பள்ளிச் சான்றிதழையும் தோட்ட நிர்வாகி என்றோ எழுதிக் கொடுத்த கடிதத்தையும் எடுத்து வைத்தார். எழுத்தர் நல்ல மனிதர், ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். குடிமகன், குடிமகன் அல்லாதவர் என இரண்டே கட்டங்கள். “நான் எதை அழுத்துவது, நீங்களே சொல்லுங்கள்” என்றார். இரண்டாவதை அழுத்தினார். வெளிநாட்டவர் கட்டணம், முன்பணமும் கட்ட வேண்டும். இந்த மண்ணை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர் அக்கா. வெளிநாடு போகக் கடப்பிதழ் கூட எடுக்க முடியாதவர்.

முன்பணத்தைக் கோயிலில் தெரிந்தவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். கோயிலில் ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

ஓட்டுநர் தம்பி எழுதியதைப் படித்தேன். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நான் தயார், சனிக்கிழமைகளில். தனிச் செய்தி அனுப்புங்கள், காசு வேண்டாம்.

கெப்போங் சகோதரி, மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கட்டணம் கட்ட இயலாதவர்களின் நிலையை விசாரித்துப் பரிந்துரைப்பது அவர்கள் வேலை. வார்டு டாக்டரிடமே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கெப்போங் அண்டை வீட்டார்

நன்றி ஐயா. அங்கே போய்விட்டு வந்தோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், பாக்கியைத் தவணையாகக் கட்டப் பரிந்துரை எழுதினார், தன் பெயரும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கட்டண விகிதத்தை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அக்காவின் குடியுரிமை விண்ணப்பம் உள்துறை அமைச்சில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தின் நகலோடு, பதில் வரும்வரை குடிமக்களுக்கான கட்டணத்தையே வசூலிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சருக்கு ஒரு மனு எழுத வேண்டும். இந்தச் சனிக்கிழமை அக்காவை அழைத்துக்கொண்டு வரலாமா?