பேசி முடித்த இருவருக்கு நடுவே ஒரு கருப்புத் துணி

காரைக்குடி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். கருப்பு முகத்திரை அணிந்த பாதிரியாரைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் 1836இல் வெளியிட்ட சிறுகதையை இந்த வாரம் இரண்டு முறை படித்தேன். ஹூப்பர் என்னும் பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாயும் மோவாயும் மட்டும் தெரியும்படி இரண்டு மடிப்புக் கருப்புத் துணியை முகத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வருகிறார். காரணம் கேட்பதற்கென்றே போன ஊர்ப் பெரியவர்கள்கூட வாய் திறக்காமல் திரும்பிவிடுகிறார்கள். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட எலிசபெத் மட்டுமே நேருக்கு நேர் கேட்கிறாள். அவர் மறுத்ததும் விடைபெற்றுப் போய்விடுகிறாள். உண்மையான நம்பிக்கை இருந்திருந்தால் அவள் திரையோடேயே அவரை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டாமா? எனக்கு வரும் தையில் திருமணம். ஆகையால் இதை வெறும் இலக்கியக் கேள்வியாக என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, அந்தக் காட்சியில் எலிசபெத் என்னென்ன கேட்கிறாள் என்பதை வரிசையாகப் பாருங்கள். முதலில் திரையை எடுத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள் என்கிறாள். அது நடக்காதபோது, சொற்களின் மேல் கிடக்கும் திரையையாவது விலக்குங்கள் என்கிறாள். மறைவான பாவம் என்று ஊர் பேசுமே என்று அவருக்காகவும் கவலைப்படுகிறாள். கடைசியில் காரணத்தையே விட்டுவிட்டு, ஒரே ஒரு முறை திரையைத் தூக்கி என் முகத்தைப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறாள். இரகசியம் அவரிடமே இருக்கட்டும் என்று அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். பார்வையை மட்டும் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

கம்பன் திருநாளில் வளர்ந்த நமக்கு இது விளங்காமல் போகாது. மிதிலையில் அண்ணலும் நோக்கினான், அவளும் நோக்கினாள். பெயரோ ஊரோ இருவருக்கும் தெரியாது. வில் முறிந்த செய்தி வந்தபோது, முறித்தவன் தான் கண்டவன்தானோ என்று சீதை கலங்குகிறாள். முனிவனோடு வந்தவன் என்பதையும் தாமரைக் கண்ணன் என்பதையும் தோழி சொல்லக் கேட்ட பிறகே அவளுடைய ஐயம் நீங்குகிறது. ஒரு பார்வையைப் பற்றிக்கொண்டு அத்தனை நம்பிக்கையையும் தாங்க முடியும் என்று கம்பன் காட்டுகிறான். அந்த ஒரு பார்வையைத்தான் ஹூப்பர் மறுத்தார்.

கானாடுகாத்தான், ஒரு ஆச்சி:
ஆசிரியர் ஐயா சொல்வது அழகாக இருந்தாலும், எனக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது. எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, திருமணம் பேசி முடித்தபோது ஐயா (தாத்தா) கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, ரங்கூனுக்குப் புறப்படவிருந்தார்கள். அங்கே ஒரு கணக்கில் சிக்கல் இருப்பதாகவும், அதில் இன்னொருவருடைய மானம் கலந்திருப்பதால் இப்போது விவரம் சொல்ல இயலாது என்றும், மூன்று வருடத் தவணை முடிந்து வந்ததும் சொல்வதாகவும் முன்கூட்டியே சொல்லியனுப்பினார்களாம். ஆயா சம்மதித்தார்கள், ஐயாவும் திரும்பி வந்ததும் வீட்டுத் திண்ணையான பட்டாலையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார்கள். அந்த இரகசியத்துக்கு ஒரு கெடு இருந்தது. ஹூப்பரும் தாம் இதை என்றும் அணியக் கடமைப்பட்டவர் என்று ஒளிக்காமல்தான் சொல்கிறார்; ஆனால் அவர் வைக்கும் கெடு மறுமையில் இருக்கிறது. தாமே தனியாக முடிவெடுத்துவிட்டு, என்னைத் தனியே விட்டுவிடாதே என்று கெஞ்சுகிறார். அந்தத் தனிமையை நினைத்தால் எனக்கும் மனம் இளகுகிறது, ஆனாலும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மரணப் படுக்கையில் பணிவிடை செய்பவள் அதே எலிசபெத். அவள் அன்பு அத்தனை காலமும் மறைவிலும் தனிமையிலும் வாழ்ந்தது என்று கதையே சொல்கிறது. அப்படியானால் அவளும்தான் ஊரறியாமல் ஒன்றை மூடி வைத்திருந்தாள். அவள் நம்பிக்கையில்லாமல் போனவள் என்றால், அந்த அறைக்கு எதற்காக வரவேண்டும்?

காரைக்குடி வாசகி:
மிக்க நன்றி. படுக்கையருகே இருப்பவள் யார் என்ற வரியை நான் இரண்டு முறையும் கவனிக்காமல் கடந்துவிட்டேன், ஆச்சி. இன்று மாலை கதையை என் வருங்காலக் கணவருக்கு அனுப்பி, எலிசபெத் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கும் இடத்தில் அவர் யார் பக்கம் நின்றார் என்று கேட்கவிருக்கிறேன்.