கட்டிக்கொண்டவருக்காகக் கடற்கரையை விட்டு வந்தவர்கள்

சேலத்திலிருந்து:

எனக்கு ஊர் மணப்பாடு. திருச்செந்தூர் தாண்டித் தெற்கே, மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்குமே, அதே ஊர். கல்யாணமாகிச் சேலம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மாமனார் காலத்துத் தொழில், நாலு குடும்பம் அதை நம்பி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு என்னோடு வாருங்கள் என்று எப்படிச் சொல்வேன்? தெரிந்துதான் வந்தேன்.

நல்ல மீன் கிடைக்காது என்பதற்கு மட்டும் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். ஆனால் முதலில் உறைத்தது உப்பு ஜாடி. எங்கள் வீட்டில் கல்லுப்பு எப்போதும் கசிந்து ஈரமாகத்தான் இருக்கும். ஜன்னல் கம்பிக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் துருவேறிவிடும், அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். இங்கே உப்பு பொலபொலவென்று கொட்டியது. அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன். மாமியார் பயந்துபோய் என்ன ஏது என்று கேட்டார். உப்பு காய்ந்திருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் திசை. ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கிழக்கைக் காட்டுவேன். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு மலை. காற்றுக்கும் பேர் இல்லை. ஊரில் கச்சானா, வாடையா, கொண்டலா என்று கேட்டுக்கொண்டாலே அப்பா அன்றைக்குக் கடலுக்குப் போவாரா மாட்டாரா என்று தெரிந்துவிடும். இங்கே "காத்தடிக்குது", அவ்வளவுதான். இன்றைக்கும் போனில் அப்பாவிடம் முதலில் கேட்பது "என்ன காத்துப்பா?" என்றுதான்.

முதல் வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அவர் மேட்டூருக்குக் கூட்டிப்போனார். எனக்காகத்தான். 120 அடி அணை, பார்க்கப் பெரிய தண்ணீர்தான். ஆனால் அக்கரையில் மலை தெரிந்தது. ஓரத்தில் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை, அணை மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தார். அந்த செப்டம்பரில் பட்டறையை மூன்று நாள் பூட்டிவிட்டு, 14ஆம் தேதித் திருவிழாவுக்கு என்னோடு ஊருக்கு வந்தார். அதிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. தூத்துக்குடி ரயிலில் ஜன்னலோரத்தை எனக்கே கொடுத்துவிடுவார். உப்பளம் தெரிய ஆரம்பித்ததும் என் கையைத் தட்டுவார்.

உங்களுக்கெல்லாம் எப்படி?

மன்னார்குடியிலிருந்து:

அக்கா, உப்பு ஜாடியைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நாகப்பட்டினம் பக்கத்தில் அக்கரைப்பேட்டை. 2004 டிசம்பர் 26 அன்று என் மனைவிக்கு அம்மாவும் தம்பியும் போனார்கள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கல்யாணமான பிறகும் கரையில்தான் இருந்தோம். ராத்திரி அலைச் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். மூன்று வருஷம் பார்த்தேன். அப்புறம் படகில் என் பங்கை அண்ணனிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்து மீன் கடை போட்டேன்.

விடியற்காலையில் நாகப்பட்டினம் போய் ஏலத்தில் எடுத்து வருகிறேன். அதனால் கடலைப் பார்க்காமல் இல்லை. ஆனால் கரையில் நின்று பார்ப்பதும் இறங்கிப் போவதும் ஒன்றா? படகு வந்து அணையும்போது உள்ளே இருப்பவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன், மீனை அப்புறம்தான் பார்ப்பேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். கடைக்கு வரும்படி குறையும் நாள்தான். இருந்தாலும் எனக்கு அப்போதுதான் மனது கொஞ்சம் அடங்கும். அண்ணனும் கரையில்தான் இருப்பான், இல்லையா.

அவள் இப்போது இரவு முழுக்கத் தூங்குகிறாள். அதற்காக இன்னும் எத்தனை வருஷமானாலும் இங்கே இருப்பேன்.

போன மாதம் பிள்ளை கடல் பார்க்கணும் என்று அடம்பிடித்தான். "வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் கோயில்ல இருக்கேன்" என்று அவளே சொன்னாள். போனோம். நானும் பிள்ளையும் நனைந்து திரும்பி வந்தபோது, அவன் காலில் ஒட்டியிருந்த மணலை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவள் கை நடுங்கவில்லை.

சேலத்திலிருந்து:

தம்பி, இதை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். அடுத்த தடவை வேளாங்கண்ணி போகும்போது உங்கள் வீட்டில் வந்து பார்த்துவிட்டுத்தான் போகணும் என்கிறார். உங்கள் கடையில் சாளைக் கருவாடு இருக்கிறதா? அம்மா அனுப்பியது தீர்ந்துவிட்டது. பஸ் பார்சலில் போட முடிந்தால் சொல்லுங்கள்.