புதுப்பிப்பு: வீடியோ கேமும் என் மனைவியின் வருத்தமும்

இரவில் நான் வீடியோ கேம் விளையாடுவது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றும், பெங்களூரு அல்சூரில் எங்களுடன் வசிக்கும் அத்தை அதை நோய் என்கிறார் என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அப்படியொரு கோளாறு இருப்பது உண்மையே. ஆனால் கட்டுப்பாடு இழந்து, மற்ற கடமைகளைவிட விளையாட்டே முதன்மையாகி, வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்படும் நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால்தான் அவ்வாறு கருதுவார்கள் என்று அத்தையிடம் விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

மனைவியின் வருத்தம் வேறு: கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பலர் சேர்ந்து ஆடும் இணையவழி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது என்பதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அது என் தவறு. இப்போது மகள் உறங்கிய பிறகே, எவ்வளவு நேரமாகும் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஞாயிறு மாலைகளைப் பற்றி மட்டும் இன்னும் உடன்பாடு எட்டவில்லை.