ஓவர்ரூல் என்பதை ‘மீறினார்’ என்று எழுதலாமா?

கேள்வி:
ஒரு கூட்டக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வேலையைத் தள்ளிப்போடலாம் என்று குழு சொல்கிறது, மேலாளர் குழுவை ஓவர்ரூல் செய்துவிடுகிறார். "மேலாளர் குழுவை மீறினார்" என்று எழுதினேன். சரிபார்த்தவர் ‘மீறினார்’ என்பதைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பிவிட்டார், காரணம் சொல்லவில்லை. ‘நிராகரித்தார்’ என்று மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்:
வட்டமிட்டது நியாயம்தான். மீறுவது கீழே இருப்பவர் செய்வது. மகன் அப்பா பேச்சை மீறுவான், ஊழியர் விதியை மீறுவார். ஓவர்ரூல் மேலிருந்து வருவது, அதிகாரம் உள்ளவரால்தான் முடியும். உங்கள் வாக்கியத்தைப் படித்தால் மேலாளர் ஏதோ தப்பு செய்துவிட்டார் என்றே படும்.

"குழுவை நிராகரித்தார்" என்பதும் வேண்டாம். ஆங்கிலத்தில் முடிவையும் ஓவர்ரூல் செய்யலாம், ஆளையும் செய்யலாம். தமிழில் ஆளை நிராகரித்தால் அவரே வேண்டாம் என்று ஆகிவிடும். நான் எழுதினால், "குழுவின் முடிவைத் தள்ளிவிட்டு, வேலையை உடனே தொடங்கச் சொன்னார்". தள்ளியதோடு நிற்காமல், அந்த இடத்தில் தன் முடிவை வைத்ததும் ஓவர்ரூல் என்ற சொல்லுக்குள் இருக்கிறது. மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பாதிதான். எனக்கு அது ரொம்பவே உறுத்தும்.

நீதிபதி வக்கீலிடம் சொல்லும் இடத்தில் மட்டும் "ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது" போதும்.

இன்னொருவர்:
சட்ட மொழிபெயர்ப்பு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மேல்முறையீட்டில் அதே வழக்கின் தீர்ப்பை மாற்றினால் அது ரிவர்ஸ். வேறொரு பழைய வழக்கில் சொன்ன சட்டக் கருத்து இனி செல்லாது என்றால்தான் ஓவர்ரூல். அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்ற 1967 கோலக்நாத் தீர்ப்பை 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓவர்ரூல் செய்தது. இரண்டுக்குமே ‘ரத்து’ என்று எழுதிவிட்டால் வித்தியாசம் காணாமல் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்புறம், ஓவர்ரைட் (override) என்பதும் இதேதானா?

பதில்:
நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலில் கார் ஓடும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி உங்கள் காலுக்குக் கட்டுப்படும். காலை எடுத்தால் பழைய வேகத்துக்கே திரும்பும். அமைப்பு அழியவில்லை, அந்த நேரத்துக்கு உங்கள் கால் அதை முந்திக்கொண்டது. அதுதான் ஓவர்ரைட். மேலதிகாரியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை: அமெரிக்க அதிபரின் வீட்டோவை, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஓவர்ரைட் செய்யலாம். அங்கே ஓவர்ரூல் என்று எழுதுவது வழக்கமில்லை.