ஈஸ்மென்ட்டுக்கு என்ன சொல்: அயல்நிலப் பாத்தியம், பெறுநிலம், தாங்குநிலம்

எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்மென்ட்னா அடுத்தவர் நிலத்து வழியா நடக்க, தண்ணி கொண்டுபோக நமக்கு இருக்கற மாதிரியான உரிமை. அதுக்கு தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்ங்கற பேச்சுல, ஏற்கனவே வசதியுரிமைன்னு ஒரு சொல் இருக்கே, அதையே வச்சுக்கலாமேன்னு ஒரு ஐயா எழுதியிருந்தாங்க. சட்டப் புத்தகத்துல இருக்கு, மறுக்கல. ஆனா 1882ஆம் வருஷ இந்திய ஈஸ்மென்ட் சட்டத்துல 13ஆவது பிரிவை எடுத்துக்கங்க. ஒரே பூமியை ரெண்டா பிரிச்சு பின்பக்கத்தை ஒருத்தருக்கு வித்துட்டா, அவருக்கு ரோட்டுக்கு வர வேற வழியே இல்லைன்னா முன்பக்கத்து பூமி வழியா வர உரிமை உண்டு, ஆனா இன்னொரு வழி இருக்கு, அது சுத்து, இதுதான் கிட்டன்னு கேட்டா அந்தப் பிரிவுல கிடைக்காது. வசதிக்காக கேட்டா கிடைக்காத உரிமையையும் சேத்து வசதியுரிமைன்னு கூப்பிடறது எனக்கு உறுத்துது.

பத்திரத்துல நம்ம ஆளுங்க எழுதறது வேற. மாமூல் வண்டித்தடத்துல ஆள் நடக்க வண்டி வாகனம் ஓட்ட பாத்தியம், வாய்க்கால் வழியா தண்ணி கொண்டுபோக பாத்தியம், இப்படித்தான் கொங்குப் பக்கம் எழுதுவாங்க. பாத்தியம்னு மட்டும் விட்டா சொத்துல பங்குன்னும் அர்த்தம் வந்துரும்ங்கற ஆட்சேபம் சரிதான், அதனால அயல்நிலப் பாத்தியம்னு வைக்கலாம். 4ஆவது பிரிவு சொல்றதும் அதைத்தான், என் நிலத்தை நான் நல்லபடியா அனுபவிக்க என்னோடது இல்லாத நிலத்து மேல எனக்கு இருக்கற உரிமை. ரெண்டு நிலமும் முழுசா ஒரே ஆள் கைக்கு வந்துட்டா அந்தப் பாத்தியமே அத்துப்போயிரும்.

இதைவிட எனக்கு கவலை டாமினன்ட் (பாத்தியத்தை அனுபவிக்கற நிலம்), சர்வியன்ட் (தடமோ வாய்க்காலோ போற அடுத்தவர் நிலம்) ரெண்டுக்கும் சொன்ன ஆதிக்க நிலம், பணி நிலம்தான். தயவுசெஞ்சு வேண்டாம். பணி நிலம்னா தடம் இருக்கற நிலத்துக்காரர்தான் மண்ணு கொட்டி மட்டம் பண்ணி முள்ளு வெட்டித் தரணும்னு ஆகுது, சட்டம் நேர் எதிர். 27ஆவது பிரிவுப்படி அவர் எதுவும் செஞ்சு தரவேண்டியதில்ல, தடத்தை மறிக்காம இருந்தா போதும். தடத்தையோ வாய்க்காலையோ ரிப்பேர் பண்ற செலவு 25ஆவது பிரிவுல பாத்தியக்காரர் மேலதான் விழுது, அதுக்காக பக்கத்து பூமிக்குள்ள இறங்கி வேலை பாக்க 24ஆவது பிரிவு விடுது, ஆனா முடிஞ்சவரைக்கும் தொந்தரவு இல்லாம பாத்துட்டு, ஏதாவது சேதமானா முடிஞ்ச அளவுக்கு சரி பண்ணிக் கொடுக்கணும். பாத்தியக்காரர் தன் வாய்க்காலை கவனிக்காம விட்டு அது உடைஞ்சு அடுத்தவர் பயிர் அழிஞ்சா நஷ்டஈடும் அவர்தான், அது 26. ஊர்ல வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்லாம போற சண்டையில பாதி இந்த ஒரு கேள்வியிலதான் ஆரம்பிக்குது, யார் செலவுன்னு. அந்த இடத்துல சொல்லே தப்பான ஆளை காட்டக்கூடாது.

முதல்ல பெறுநிலம், தருநிலம்னு யோசிச்சேன். 15ஆவது பிரிவுல 20 வருஷம் பகிரங்கமா, தடையில்லாம, உரிமையாவே அனுபவிச்சு வர்ற பாத்தியத்தை யாரும் தர்றதில்லையே, அதனால தருநிலம் நிக்கல. பெறுநிலம், தாங்குநிலம்னு வைக்கலாம். பாரத்தை தாங்குது, வேலை செய்யல. ஆதிக்கம்ங்கற வாடையும் இல்ல.

லைசென்ஸுக்கு, அதாவது நிலத்துக்காரர் கொடுக்கற வெறும் அனுமதிக்கு, இசைவுங்கற சொல் போதும், போய்க்கப்பான்னு ஒருத்தர் விட்டது பாத்தியம் ஆகாது.

அப்புறம் கூட்டுக் கிணறு. இதை ஈஸ்மென்ட்டோட குழப்பிக்கறாங்க. நாலு பேருக்கு கிணத்துல பங்கு இருந்தா எல்லாருமே சொந்தக்காரங்க, தூர் வாரறதும் மோட்டார் ரூம் ஓடு மாத்தறதும் பங்குக்கு தக்கபடி பிரியும், அங்க பெறுநிலம் தாங்குநிலம் பேச்சே வராது. ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கற பொதுச்சுவரும், ரெண்டு பேருக்கும் சொந்தமா இருந்தா அப்படித்தான். இந்தச் செலவுப் பொறுப்புக்கு பங்கு மராமத்துன்னு சொல்லலாமா? ஏரிக்கு குடிமராமத்து இன்னைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச சொல், மராமத்து இலாகான்னும் பெரியவங்க சொல்வாங்க, அதனால புதுசா யாருக்கும் விளக்கவேண்டியதில்ல. கூட்டுப் பராமரிப்புன்னா யாருக்கு எவ்வளவுங்கறது வரல.

இலங்கை நண்பர்கள்கிட்ட ஒரு கேள்வி, அங்க ரோமன் டச்சு சட்டம், ஈஸ்மென்ட் மாதிரியான உரிமை சர்விடியூட்னு வரும்னு தெரியும். யாழ்ப்பாணத்து உறுதிகள்ல (பத்திரங்கள்ல) பங்குக் கிணறு இறைக்கற, துப்புரவு பண்ற செலவுக்கு என்ன சொல் எழுதறாங்க? அது நல்லா இருந்தா பங்கு மராமத்தை விட்டுட்டு அதையே எடுத்துக்கலாம்.