பத்தாயிரம் பேருக்கு இலவச விளம்பரம் என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி

மாசிவீதி:
நேற்று இங்கே 'டிஜிட்டல் தம்பி' எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படிக்காதவர்களுக்காக அவர் சொன்னதன் சாரம் இது: சின்னக் கடைக்காரர்கள் விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) 256 பேர், நாற்பது லிஸ்ட் போட்டால் பத்தாயிரம் பேர் கைக்குச் சரக்கு போய்விடும்.

நான் மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறேன். ஒரே ஒரு கேள்வி. யார் தன் போனில் நம் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறாரோ அவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். இதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? ஒரு சேலை எடுத்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் கடைக்காரர் நம்பருக்குப் பேர் போட்டு வைக்கிறார்கள்? அவர்கள் நம்பர் என் பில் புத்தகத்தில் இருக்கிறது. என் நம்பர் அவர்கள் போனில் இல்லை. பத்தாயிரம் எங்கிருந்து வரும்?

டிஜிட்டல் தம்பி:
சார், நீங்கள் பழைய கதையைச் சொல்கிறீர்கள். எத்தனையோ கடைகளுக்கு செட் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் போகிறது. முயற்சி செய்யாமலே 'போகாது' என்று சொல்கிறவர்களால்தான் நம் ஊர் வியாபாரம் வளராமல் கிடக்கிறது.

மாசிவீதி:
நான் சார் இல்லை, அக்கா. முயற்சி செய்துவிட்டுத்தான் பேசுகிறேன். பிராட்காஸ்ட்டில் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் திறங்கள். யாருக்குக் கிடைத்தது, யார் படித்தார்கள் என்று வரும். நம்பரைச் சேமிக்காதவர் பேர் இரண்டிலும் இருக்காது. ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் நம்பர் இருந்தால்தான் தெரியும். சேமித்தால்தான் போகும் தம்பி.

கோவில்பட்டி கடலை:
அக்கா சொல்வது சரிதான். ஆனால் எங்களுக்கு வாட்ஸ்அப்பை விட கூகுள் மேப்பில்தான் ஆள் வருகிறது. மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற காரில் உட்கார்ந்தபடியே 'கடலை மிட்டாய்' என்று தேடுகிறார்கள். கடை திறக்கும் நேரம், போன் நம்பர், நாலு நல்ல போட்டோ மூன்றும் சரியாக இருந்தால் வண்டி நம் வாசலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கடையை 'மூடியிருக்கிறது' என்று காட்டினால் அன்றைய வியாபாரம் போச்சு. 2020இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு தேடி வருகிறவர்கள் இன்னும் கூடினார்கள். ஒரே வயிற்றெரிச்சல், பக்கத்துக் கடைக்கு வேண்டப்பட்டவர்கள் வந்து ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போகிறார்கள். அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

டிஜிட்டல் தம்பி:
அதைத் தனியாகப் பேசலாம் அண்ணே. முதலில் அக்காவுக்கு: சேமிக்காவிட்டாலும் போகும். வாட்ஸ்அப் ஏபிஐ என்று ஒன்று இருக்கிறது, நிறுவனங்கள் மென்பொருள் வழியாக மொத்தமாகச் செய்தி அனுப்பும் வழி. டெம்ப்ளேட், அதாவது செய்தியின் மாதிரி, போட்டு வாட்ஸ்அப்பிடம் ஒப்புதல் வாங்கினால் சேமிக்காதவர் நம்பருக்கும் அனுப்பலாம். தெரியாமல் பேசக்கூடாது.

மாசிவீதி:
நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு செய்திக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பை வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்துக்குக் காசு கட்ட வேண்டும். நடுவில் நிற்கிற நிறுவனம் தன் பங்குக்கு மாதக் கட்டணம் வாங்கும். வாடிக்கையாளர் தானாகக் கேட்டு எழுதினால் 24 மணி நேரம் விலையில்லாமல் பதில் சொல்லலாம், அது வேறு. விளம்பரச் செய்தி என்றால் ஒவ்வொன்றுக்கும் பணம். 'ஒரு பைசா செலவழிக்க வேண்டாம்' என்று நேற்று எழுதியது யார்?

டிஜிட்டல் தம்பி:
'போகாது' என்றீர்கள், 'போகும்' என்று காட்டிவிட்டேன். இப்போது காசுப் பேச்சுக்குத் தாவுகிறீர்கள்.

மாசிவீதி:
நான் எங்கும் தாவவில்லை. பிராட்காஸ்ட் லிஸ்ட், 256 பேர், நாற்பது லிஸ்ட், இலவசம். நீங்கள் எழுதியது அது. அதற்குச் சேமித்திருக்க வேண்டும்.

சின்னாளபட்டிக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் தாயி. உங்கள் கேட்டலாக்கைப் பார்த்தேன். அதில் பாதி பிரிண்ட் சேலை. அதையும் 'மதுரைச் சுங்குடி' என்று போட்டு விற்கிறீர்கள். எங்கள் ஊரில் தயாராகிற சேலையை வாங்கி உங்கள் ஊர்ப் பேரில் விற்பதுதான் நேர்மையான மார்க்கெட்டிங்கா?

மாசிவீதி:
அண்ணாச்சி, இங்கே பேச்சு பிராட்காஸ்ட் பற்றி. இருந்தாலும் பதில் சொல்லாமல் போக மாட்டேன். என் கேட்டலாக்கில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சேலை தனி, பிரிண்ட் தனி. கைமுடிச்சுக்கு நான் வைக்கும் முதல் போட்டோவே கிட்டே எடுத்த படம்தான். நூல் அவிழ்த்த இடத்தில் துணி சின்னதாகப் புடைத்து நிற்கும், புள்ளி ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பிரிண்டில் எல்லாப் புள்ளியும் அச்சுக் குத்தியது போல ஒரே அளவு. இதைக் காட்டித்தான் விற்கிறேன். சௌராஷ்டிரப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து நகத்தால் துணியைக் கிள்ளி முடிச்சுப் போடுகிற வீடியோவுக்குத்தான் இன்ஸ்டாகிராமில் எனக்கு ஆர்டர் வருகிறது. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததே இந்தக் கைவேலைக்குத்தான்.

சின்னாளபட்டிக்காரன்:
பிரிண்ட் சேலையின் தலைப்பிலும் 'சுங்குடி' என்றுதான் இருக்கிறது. போன வாரம் பார்த்தேன்.

மாசிவீதி:
பக்கத்திலேயே பிரிண்ட் என்றும் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

திருப்பூர் பனியன்:
இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், நடுவில் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன் கடைசி வரை எங்களுக்கு டிக்டாக்கில்தான் ஆர்டர். 29ஆம் தேதி ராத்திரி 59 செயலிகளுக்குத் தடை என்று செய்தி வந்தது. அவ்வளவு ஃபாலோயர்ஸும் அத்தோடு போனார்கள், ஒருத்தர் நம்பர்கூட எங்களிடம் இல்லை. அப்புறம் கூகுள் பிசினஸில் இலவச வெப்சைட் போட்டு, அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தேன். 2024 மார்ச்சில் அதையும் நிறுத்திவிட்டார்கள். வாடகை வீட்டில் சுவரெழுப்பின மாதிரி ஆச்சு. வாடிக்கையாளர் நம்பர் நம் நோட்டில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நம்முடையது. டிஜிட்டல் தம்பி, போன வருடம் இதே இடத்தில் 'டெலிகிராம்தான் இனி எல்லாம்' என்று எழுதியது நீங்கள்தானே?

டிஜிட்டல் தம்பி:
அன்றைக்கு அது சரி. தொழில்நுட்பம் மாறும், நாமும் மாற வேண்டும். அண்ணன் இன்னும் டிக்டாக்குக்கு அழுதுகொண்டிருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

திருப்பூர் பனியன்:
அழவில்லை. உங்கள் பேச்சைக் கேட்டு டெலிகிராமில் கேட்டலாக் ஏற்றியவன் நான். அதில் ஒரு பனியன்கூட விற்கவில்லை.

வீட்டு ஊறுகாய்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே நார்த்தங்காய், மாவடு போட்டு விற்கிறேன். தெரிந்தவர்கள் மட்டும் வாங்குகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிக்க?

கோவில்பட்டி கடலை:
அக்கா, முதலில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்து அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போடுங்கள். அப்புறம் எதில் வேண்டுமானாலும் விளம்பரம் செய்யலாம்.

டிஜிட்டல் தம்பி:
பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஆரம்பியுங்கள் அக்கா. இலவசம்.

மாசிவீதி:
மறுபடியும் அதே பேச்சு! ஊறுகாய் அக்கா, இவர் சொல்கிறபடி கண்ட நம்பரையெல்லாம் லிஸ்ட்டில் ஏற்றாதீர்கள். ஊறுகாய் பாட்டிலில் வாட்ஸ்அப் க்யூஆர் ஒட்டுங்கள். ஸ்கேன் செய்தால் உங்கள் சாட் திறக்கும். அவர்களாக ஒரு வணக்கம் போடட்டும். 'நம்பரைச் சேமித்து வையுங்கள், அடுத்த மாவடு போட்டதும் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்' என்று கேளுங்கள். என் கடையில் பில் போடும் மேஜையிலேயே அப்படித்தான் கேட்கிறேன். கேட்டுச் சேமித்தவர்கள் நூறு பேர் இருந்தால் போதும், அவர்கள் திரும்ப வருவார்கள். கேட்காமல் அனுப்பினால் 'ரிப்போர்ட்' அழுத்துவார்கள், நம்பர் போய்விடும்.

அச்சகம்:
நம்பர் போவது உண்மை. எனக்கு ஒரு விளம்பர நிறுவனம் ஏதோ மென்பொருள் வைத்து மொத்தமாக காலண்டர் விளம்பரம் அனுப்பியது. மறுநாள் காலை வாட்ஸ்அப்பைத் திறந்தால் கணக்கு முடக்கம். டிசம்பர் மாதம், காலண்டர் ஆர்டர் முழுக்க அந்த நம்பரில்தான் வரும். அந்த நிறுவனம் போனையே எடுக்கவில்லை.

டிஜிட்டல் தம்பி:
திருட்டு மென்பொருளை வைத்துச் செய்தால் அப்படித்தான் ஆகும். நான் சொன்னது அது இல்லை. நான் செட் பண்ணிக் கொடுத்த கடைகளில் எல்லாருக்கும் போகிறது.

மாசிவீதி:
சரி, ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். 256 பேர் இருக்கிற ஒரு லிஸ்ட், அந்த 'இன்ஃபோ' பக்கம். பேரையும் நம்பரையும் மறைத்துவிடுங்கள், கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

டிஜிட்டல் தம்பி:
க்ளையன்ட் விவரத்தை வெளியே போட முடியாது. அது தொழில் தர்மம்.

மாசிவீதி:
பேரை மறைத்தால் என்ன தர்மம் கெடும்? பத்தாயிரம் என்று பொதுவில் எழுதும்போது வராத தர்மம் இப்போது எங்கிருந்து வந்தது? கடன் வாங்கிக் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்து, வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். நேற்றும் பதிவின் அடியில் உங்கள் வகுப்புக்கு இணைப்பு இருந்தது. சேமித்தால்தான் போகும் என்ற ஒரு வரியை அதில் சேருங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

டிஜிட்டல் தம்பி:
சேர்க்க மாட்டேன். ஏபிஐயில் போகும் என்பதால் அது தப்பான வரி.

சின்னாளபட்டிக்காரன்:
கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன் தாயி. மூன்றாவது வரிசையில் நீலச் சேலை, பிரிண்ட்தான். 'பிரிண்ட்' என்று எங்கேயும் இல்லை.

மாசிவீதி:
நீலம் கைமுடிச்சு அண்ணாச்சி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், புடைப்பு தெரியும். தம்பி, ஸ்கிரீன்ஷாட் இன்னும் வரவில்லை.