வேலை விளம்பரத்தில் எதுவும் தெளிவாக இல்லை, தொடரலாமா?

'சாஃப்ட்வேர் டெவலப்பர் தேவை' என்று ஒரு விளம்பரம். என்ன தயாரிப்பு, எந்தக் குழு, சம்பளம் எவ்வளவு, எதுவும் இல்லை. ஆப் உருவாக்கும் கருவியான ஃபிளட்டரில் மட்டும் 12 வருட அனுபவம் வேண்டுமாம், அதன் 1.0 பதிப்பு வந்ததே 2018 டிசம்பரில்தான்!

எனக்கு ஜாவா பேக்எண்டில், அதாவது சர்வர் பக்க வேலையில், 4 வருட அனுபவம். விண்ணப்பித்து மூன்று வாரம் ஆகிறது. நிறுவனத்தின் தளத்தில் தேடினேன், இந்த வேலை அங்கே இல்லை. வெளியில் இதே விளம்பரம் இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. ஹெச்ஆரிடம் இரண்டு தடவை மெயிலில் கேட்டேன், 'இன்டர்வியூவில் சொல்கிறோம்' என்பதோடு சரி. அங்கே வேலை பார்க்கும் ஒருவருக்கும் எழுதினேன், பதில் இல்லை.

இப்போது ஒரு வார்த்தை பேசாமலே 6 மணி நேர கோடிங் டெஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வேலை விவரம் தந்தால்தான் டெஸ்ட் எழுதுவேன் என்று சொல்லிவிடலாமா?